மூன்று கோடை!

மரம் நடு விழா! பந்தல் உண்டு, ஒலிபெருக்கி உண்டு, மாலை உண்டு. குழி முன்பே தோண்டி வைக்கப்பட்டிருக்கும். ஒரு கன்றின் மேல் பத்துக் கைகள் படும். படம் எடுப்பவர், "இன்னொரு முறை" என்பார். இன்னொரு முறையும் படும். பூவாளியில் தண்ணீர் தெளிக்கப்படும். கைதட்டல் எழும். கூட்டம் கலையும்.

அடுத்த சித்திரையில் அதே இடத்துக்குச் சென்று பாருங்கள். கம்பிக் கூண்டு இருக்கும். நட்டவர் பெயர் பொறித்த தகடு இருக்கும். உள்ளே கன்று இருக்காது! காய்ந்த குச்சி ஒன்று நின்றால் அதுவே பெரிது.

யாரையோ குறை கூற இதை எழுதவில்லை. நம்மையே கூறிக் கொள்கிறோம். நம் பகுதியில் ஓராண்டு, பள்ளிச் சுவரை ஒட்டி இருபது கன்றுகள் நட்டோம். முழக்கத்துக்குக் குறைவில்லை. மறு ஆண்டு எண்ணிப் பார்த்தால் எஞ்சியது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றும் நம்மால் பிழைத்ததல்ல. பக்கத்தில் இட்டிலிக் கடை வைத்திருந்த அம்மையார் ஒருவர், அரிசி களைந்த நீரையும் காய்கறி அலசிய நீரையும் நாள்தோறும் அதன் அடியில் ஊற்றி வந்தார். இன்று அது கொய்யா மரம். பிள்ளைகள் ஏறிப் பறிக்கிறார்கள். அந்த மரத்தை வைத்தவர் யார்? மாலை போட்டுக் கொண்ட நாமா, குடம் தூக்கிய அந்த அம்மையாரா? விடையை நம் மனச்சான்று அறியும்.

ஆகவே நாம் கூற வந்தது ஒன்றே. கன்று நட்டவர் மரம் வைத்தவர் ஆகிவிட மாட்டார். மூன்று கோடை அதைக் காத்தவரே மரம் வைத்தவர். இந்தப் பாடத்தை ஊர்ப் பொதுவிடத்தில் கற்பதைக் காட்டிலும் நம் வீட்டுக் கொல்லையில் கற்பது எளிது. அங்கே, "யார் பொறுப்பு?" என்று கேட்டால், அடுத்தவரைக் காட்டித் தப்ப முடியாதல்லவா?

ஏழைக்குப் பழம் எதற்கு?

"சோற்றுக்கே பாடு, பழம் எதற்கு?" என்பார் சிலர். பழத்தை நோயாளிக்கும் விருந்தாளிக்கும் உரியதாக ஆக்கி வைத்ததன் விளைவு இந்தப் பேச்சு. ஒரு மனிதனுக்கு நாளொன்றுக்குக் காயும் பழமுமாக 400 கிராமேனும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உழைக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அதில் எவ்வளவு கிடைக்கிறது?

மருத்துவமனைக்கு உறவினரைப் பார்க்கப் போகும்போது, கடன் வாங்கியாவது ஆப்பிள் வாங்கிப் போகிறோம். 100 கிராம் ஆப்பிளில் 'சி' உயிர்ச்சத்து சுமார் 5 மில்லிகிராம். ஆரஞ்சில் சுமார் 50. நம் கொல்லைக் கொய்யாவிலோ 200-க்கும் மேல்! மலை கடந்து, பெட்டியில் படுத்து, மெழுகு பூசி வருகிற பழத்துக்கு மதிப்பு. கைக்கெட்டும் கிளையில் தொங்குகிற பழத்துக்கு மதிப்பில்லை. இது அறியாமையன்றி வேறென்ன?

கல் வைத்துப் பழுக்க வைத்த மாம்பழத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கார்பைடு கல்லால் பழுக்க வைத்து விற்பதைச் சட்டம் தடுக்கிறது. ஆயினும் பருவந்தோறும் அதிகாரிகள் கைப்பற்றி அழித்த செய்தி வந்தபடியே இருக்கிறது. வைக்கோலில் வைத்து நாமே பழுக்க வைத்த மாம்பழத்துக்கு எந்த அதிகாரியின் முத்திரையும் தேவையில்லை.

எந்த இடத்துக்கு எந்த மரம்?

ஆசையால் அழிந்த தோட்டங்கள் பல. 3 சென்ட் மனை என்றால் சுமார் 1300 சதுர அடி. வீடும் கழிவறையும் நடைவழியும் போக எஞ்சுவது கொஞ்சம். அதில் மா, பலா, சப்போட்டா மூன்றையும் நெருக்கி நட்டால், பத்தாண்டில் ஒன்றையொன்று நெரித்து, ஒன்றும் காய்க்காது. தோப்பில் மாவுக்கு மா 30 அடி விடுகிறார்கள். கொய்யாவுக்கும் எலுமிச்சைக்கும் 15 முதல் 20 அடி. பப்பாளிக்கும் வாழைக்கும் 6 அடி. இதை மனத்தில் வைத்து மனையை அளந்து பாருங்கள். பெரிய மரம் ஒன்று, சிறிய மரம் ஒன்றிரண்டு, மூலையில் வாழை. சிறு கொல்லைக்கு இது போதும்.

மாதான் வேண்டும் என்றால், ஆண்டுதோறும் காய்க்கும் நீலம் இருக்கிறது. தசேரியையும் நீலத்தையும் இணைத்து டில்லி ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கிய ஆம்ரபாலி குட்டையாகவே வளரும். சுவரை ஒட்டியோ மின்கம்பியின் கீழோ பெரிய மரம் வேண்டாம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வீசியபோது, டெல்டா மாவட்டங்களில் தென்னையும் மாவும் பலாவும் வேரோடு சாய்ந்த காட்சியை நாம் மறக்கவில்லை. விழுந்தால் எங்கே விழும் என்று நடும்போதே எண்ணிப் பார்க்க வேண்டும்.

"எப்போது பலன் வரும்?" என்று கேட்பீர்கள். பப்பாளி பத்து மாதத்தில் தரும். வாழை ஓராண்டில் தரும். பதியன் கொய்யா இரண்டு மூன்று ஆண்டில். ஒட்டு மா மூன்று நான்கு ஆண்டில். விதையிலிருந்து வந்த எலுமிச்சை அதற்கும் மேல். வாடகை வீட்டுத் தோழர் பப்பாளியும் வாழையும் வைக்கட்டும். வீடு மாறினாலும் ஓர் அறுவடை உண்டு. நாம் போன பின் வருகிறவன் தின்றால்தான் என்ன? அவனும் நம்மைப் போல் ஒருவன்தானே!

ஏமாறாதீர்!

தெருவில் கன்று விற்க வருபவர், "ஒட்டு மா" என்பார். அட்டையில் பழத்தின் படம் தொங்கும். அட்டையைப் பார்க்காதீர், தண்டைப் பாருங்கள். ஒட்டுக் கன்றானால் அடித்தண்டில் இணைத்த தழும்பு தெளிவாகத் தெரியும். தழும்பு இல்லையேல் அது விதைக் கன்று. தாய் மரத்தின் குணம் வரும் என்பதற்கு உறுதியில்லை. ஐந்தாறு ஆண்டு காத்திருந்து புளிப்புக் காய் கண்டபின் யாரிடம் போய்க் கேட்பது? அரசுத் தோட்டக்கலைப் பண்ணைகளில் நல்ல கன்று கிடைக்கும். ஒரு நாள் கூலி போனாலும் நேரில் சென்று வாங்குவதே இலாபம்.

மழை தொடங்கும் பருவமே நடுவதற்கு ஏற்றது. மாவுக்கு மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். கொய்யாவுக்கும் எலுமிச்சைக்கும் இரண்டடிக்குக் குறையாமல். பப்பாளிக்கு ஒன்றரை அடி. மேல் மண்ணைத் தனியே குவித்து, குழியை இரண்டு வாரம் வெயிலில் ஆற விடுங்கள். பின்பு மேல் மண்ணோடு மக்கிய தொழு எரு பத்துக் கிலோ கலந்து நிரப்புங்கள். பை கிழியும்போது வேர்மண் உடையக் கூடாது. ஒட்டுத் தழும்பு மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். புதைத்தால் கன்று கெடும். காற்றில் ஆடாமல் ஒரு கம்பு நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள்.

இவ்வளவும் ஒரு நாள் வேலை. இதன் பிறகுதான் மூன்று கோடை.

காப்பது எப்படி?

முதற்கோடை தண்ணீரின் கோடை. நட்ட கன்றின் வேர் ஒரு முழத்துக்குள் இருக்கிறது. மேல் மண் காய்ந்தால் அது அறிந்த உலகமே காய்ந்துவிடும். ஒரு நாள் விட்டு ஒரு நாளேனும் நீர் வேண்டும். நீர் குறைவான ஊரில் பழைய மண்பானை ஒன்றைக் கன்றின் பக்கத்தில் கழுத்தளவு புதைத்து நிரப்பி மூடுங்கள். பானை கசிந்து கசிந்து வேருக்கு ஊட்டும். அடியில் சருகும் வைக்கோலும் பரப்பினால் ஈரம் நிற்கும். ஆனால் தண்டை ஒட்டிச் சேறு தேங்கக் கூடாது. எலுமிச்சைக்கு அது பிசின் நோய் தரும்; பப்பாளி ஒரு நாள் நீர் தேங்கினாலே அழுகிச் சாயும்.

இரண்டாம் கோடை கத்தரியின் கோடை. ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பது நாம் வாங்கிய மரமன்று, அடிக்கன்றின் துளிர். வளர விட்டால் மேலே உள்ளதைக் கொன்றுவிடும். தயங்காமல் கிள்ளுங்கள். ஒட்டு மா இரண்டாம் ஆண்டிலேயே பூத்துக் காட்டும். மனம் மகிழும், வீட்டில் கொண்டாட்டம் நடக்கும். ஆனால் பூவைக் கிள்ளி எறிய வேண்டும். பால்குடி மாறாத பிள்ளையைச் சுமை தூக்க அனுப்புவோமா?

மூன்றாம் கோடை பகைவரின் கோடை. முதற்பகை ஆடு. ஒரு நிமிடம் வேலி திறந்திருந்தால் ஓராண்டு உழைப்பு அதன் வாயில். கருவேல முள் போதும். கம்பிக் கூண்டு வேண்டியதில்லை. எலுமிச்சைத் துளிரில் பறவை எச்சம் போல் ஒட்டிக் கிடப்பது எச்சமன்று. இலை தின்னும் புழு. கையால் பொறுக்கி எடுங்கள். கொய்யாவும் மாவும் உதிர்ந்து கிடந்தால் உடனே பொறுக்கி ஆழப் புதையுங்கள். உள்ளே இருக்கும் பழ ஈயின் புழு மண்ணில் இறங்கினால், அடுத்த பழத்துக்குப் படையாகத் திரும்பி வரும்.

கண்டதற்கெல்லாம் மருந்தடிப்பது வீரமன்று. 2008-இல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் காணப்பட்டது. கடல் கடந்து வந்த பூச்சி. இங்கே அதற்கு இயற்கை எதிரி இல்லை. பப்பாளியை மட்டுமா தின்றது? மல்பெரியையும் மரவள்ளியையும் விட்டு வைக்கவில்லை. உழவர் மருந்தடித்தார், பூச்சி அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான குளவி கொண்டு வரப்பட்டு விடப்பட்டது. அது மாவுப்பூச்சியின் உடலில் முட்டையிட்டு அதை அழித்தது. தொல்லை பெரிதும் தணிந்தது. பூச்சிகளிலும் நம் பக்கம் நிற்பவை உண்டு. மருந்து, நண்பனையும் பகைவனையும் பிரித்தறியாது.

"அவன் கைராசிக்காரன், வைத்தது தழைக்கும்" என்பார்கள். கைராசி அன்று, கைவேலை! அவன் விடியலில் எழுந்து ஊற்றிய குடத்தை யாரும் கண்டதில்லை, அவ்வளவே.

குடம் தூக்குபவர் யார்?

இங்கே தோழர்களிடம் வெளிப்படையாக ஒன்று கேட்க வேண்டும். கன்றை நட்டவர் நீங்கள். நாள்தோறும் நீர் ஊற்றுபவர் யார்? பெரும்பாலான வீட்டில் மனைவி, அல்லது தாய், அல்லது பள்ளி செல்லும் பெண் குழந்தை. காய்த்தபின், "நான் வைத்த மரம்" என்று விருந்தினருக்குக் காட்டுபவர் மட்டும் நீங்கள்! ஆலையிலோ அலுவலகத்திலோ நம் உழைப்பைப் பிறர் தம் பெயரில் எழுதிக் கொண்டால் கொதிக்கிறோமே, வீட்டிலே நாம் செய்வது என்ன? காலையில் வேலைக்குப் புறப்படுமுன் ஒரு குடம் உங்கள் தோளில் ஏறட்டும்.

இன்னொன்று. கையில் நாலு காசு சேர்ந்ததும் கொல்லை முழுவதும் சிமெண்டு பூசுவது இன்று நாகரிகமாகிவிட்டது. சேறு படாதாம்! மழைநீர் மண்ணில் இறங்க வழியில்லை. பிள்ளை நிற்க நிழலில்லை. கோடையில் தளம் கொதிக்கிறது. மரத்தைச் சுற்றி நான்கடி மண்ணாவது விட்டு வையுங்கள்.

கொல்லையில் நாலு பழம் காய்த்தால் கூலி உயர்வு வேண்டாம் என்று நாம் கூறுவதாக எவரும் திரித்துவிட வேண்டாம். மரம் கூலிக்கு மாற்றாகாது. மனையே இல்லாதவரிடம் மரம் வை என்பது கேலி. புறம்போக்கில் குடியிருப்பவர் நாளை பெயர்க்கப்படுவோமோ என்ற அச்சத்தில் வாழையோடு நிறுத்திக் கொள்கிறார். மா வைக்கத் துணிவதில்லை. ஒருவன் நீண்டநாள் மரம் நடுகிறானா என்பதிலிருந்தே, தான் நிற்கும் மண் தனது என்று நம்புகிறானா என்று கண்டுகொள்ளலாம். ஆகவே பட்டாவும் வேண்டும். பட்டாவில் கொல்லைக்கும் இடம் வேண்டும். அதைக் கேட்டுக்கொண்டே, இருக்கிற இடத்தில் இருக்கிற மரத்தைக் காப்போம்.

தோழர்களே! ஒவ்வொரு கிளையிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். நட்ட மரம் எது, எந்த நாளில், எவர் பொறுப்பு என்று எழுதுங்கள். ஆண்டுதோறும் சித்திரையில் கிளைத் தோழர்கள் நேரில் சென்று பார்த்து, உயிரோடிருப்பதை மட்டும் எண்ணுங்கள். நூறு நட்டோம் என்று அறிக்கை விட வேண்டாம். மூன்று கோடை கடந்து பத்து நிற்கிறது என்று கூறுங்கள். நூறு குச்சிகளைக் காட்டிலும் அந்தப் பத்து மரம் நமக்குப் பெருமை.

அந்த இட்டிலிக் கடை அம்மையாருக்கு யாரும் மாலை போடவில்லை. பள்ளி விடும் நேரத்தில் சென்று பாருங்கள். கிளைக்குக் கிளை பிள்ளைகள். கீழே நிற்கும் சிறுமிக்கு மேலிருந்து ஒருவன் பழம் போடுகிறான். இந்த ஆடியில் கன்று வாங்கப் புறப்படுமுன், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.