களைப்பு பாவமன்று

“செபிக்கிறவர்களுக்கு மனநல ஆலோசனை எதற்கு?” இந்தக் கேள்வி நம் பங்குகளில் அடிக்கடி எழுகிறது. ஆலய முற்றத்தில் எழுகிறது. அன்பியக் கூட்டத்தில் எழுகிறது. சில வேளைகளில் மறையுரையிலும் எதிரொலிக்கிறது. கேட்பவர்கள் தீய எண்ணத்தோடு கேட்பதில்லை. ஆயினும் இக்கேள்வி எத்தனை தாய்மாரின் வாயை அடைத்திருக்கிறது என்பதை அவர்கள் அறியார். எனவே இதனை நாம் அழுத்தமாகவே மறுத்தாக வேண்டும்.

திருவான்மியூருக்கும் பாலவாக்கத்துக்கும் இடையே கடலோரமாய் அமைந்த கொட்டிவாக்கத்தை எண்ணிப் பார்ப்போம். 2011ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட ஊர் அது. கிழக்கே மீனவர் குப்பம். மேற்கே கணினி நிறுவனங்கள் வரிசையாய் நிற்கும் பழைய மாமல்லபுரம் சாலை. இடையில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி எழுந்த அடுக்குமாடி வீடுகள். அத்தகைய வீடொன்றின் இரவு நமக்குப் புதிதன்று. தந்தை அமெரிக்க நேரத்துக்குக் கண்விழித்து வேலை செய்கிறார். தாய் அலுவலகத்திலிருந்து திரும்பியதும் பிள்ளையின் வீட்டுப்பாடத்தோடு மல்லுக்கு நிற்கிறார். வளர்ந்த மகன் கைபேசியை விட்டு முகம் நிமிர்த்துவதில்லை. பாட்டி தூத்துக்குடியில் இருக்கிறார். சாய்ந்து அழ ஏற்ற அவருடைய மடியும் அங்கேயே இருக்கிறது.

எல்லாரும் உறங்கிய பின்னர், அந்தத் தாய் கைபேசித் திரையில் தெரியும் முன்பின் அறியாத ஆலோசகர் ஒருவரிடம் மனம் திறக்கிறார். அறிந்தவர் இத்தனை பேர் இருக்க, அறியாதவரிடம் ஏன்? அறிந்தவரிடம் சொன்னால், அடுத்த ஞாயிறு திருப்பலி முடியுமுன் அது பங்கு முழுவதும் பரவிவிடும் என்ற அச்சமே காரணம். அந்த அச்சத்தைத் திரை உண்டாக்கவில்லை. நம்முடைய நாவுகளே உண்டாக்கின. “அவள் வளர்ப்பு சரியில்லை” என்று ஒரே சொல்லில் தீர்ப்பெழுதும் சமூகத்திடம் எந்தத் தாய் வாய் திறப்பாள்? குப்பத்துத் தாய்க்கோ கட்டணம் செலுத்தி ஆலோசனை பெறும் வசதியும் இல்லை.

“ஒப்புரவு அருளடையாளம் இருக்கிறதே, அது போதாதா?” என்பார் உண்டு. அந்த அருளடையாளம் பாவத்தை மன்னிக்கிறது. அதன் மேன்மையில் நமக்கு ஐயமில்லை. ஆனால் களைப்பு பாவமன்று. தேர்வைக் கண்டு நடுங்கும் மாணவன் பாவம் செய்யவில்லை. பிள்ளை பெற்ற சில நாள்களில் காரணமின்றி அழும் இளந்தாய் பாவம் செய்யவில்லை. பாவமற்ற ஒன்றுக்கு மன்னிப்புக் கேட்கச் சொல்வது, சுமப்பவர் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுவதாகும். சாக விரும்பிச் சூரைச்செடியின் அடியில் படுத்த எலியாவை ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை. வானதூதரை அனுப்பி அப்பமும் தண்ணீரும் தந்தார், உறங்கவிட்டார், மீண்டும் உணவு தந்தார். இறைவாக்கினருக்கே முதலில் தேவைப்பட்டது அறிவுரையன்று.

மேலும், இப்பணி திருச்சபைக்குப் புறம்பான உலகத்திலிருந்து வந்தது என்று எண்ணுவதும் தவறு. 1935இல் இங்கிலாந்தில் சாட் வாரா என்னும் இளம் ஆங்கிலிக்கக் குரு ஒரு சிறுமியை அடக்கம் செய்தார். பூப்பெய்தியதைக் கொடிய நோயென்று எண்ணி, கேட்டுத் தெளிய ஒருவருமின்றி, உயிரை மாய்த்துக்கொண்டவள் அவள். அந்தத் துயரம் அவரை விட்டு அகலவில்லை. 1953இல் இலண்டன் ஆலயம் ஒன்றில் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு, துயருற்றோர் அழைக்கலாம் என்று அறிவித்தார். அவரைக் காணக் காத்திருந்தோரிடம் தொண்டர்கள் தேநீர் தந்து பேச்சுக் கொடுத்தனர். பலருக்கு அதுவே போதுமாயிருந்தது. சமாரித்தர் என்று நற்செய்தியின் பெயராலேயே அவ்வமைப்பு வழங்கலாயிற்று. அந்த வழியில் 1974இல் கொழும்பில் சுமித்ரயோ தோன்றியது. 1986இல் மனநல மருத்துவர் இலட்சுமி விஜயகுமார் முன்னின்று நம் சென்னையில் சிநேகா அமைப்பைத் தொடங்கினார். ஆலயத்தில் பிறந்த பணியை ஆலய வாசலில் நின்று ஏளனம் செய்யலாமா?

தாய்த் திருச்சபையும் இவ்வகையில் மனம் விரிந்துள்ளது. தற்கொலை செய்தோர்க்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்த 1917ஆம் ஆண்டுச் சட்டவிதி, 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் இடம்பெறவில்லை. கடும் மனக்குழப்பமும் வேதனையும் அத்தகையோரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று 1992இல் வெளியான மறைக்கல்வி ஏடு கற்பிக்கிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், தாம் 42 வயதில் ஆறு மாதங்கள் யூதப் பெண் உளப்பகுப்பாய்வாளர் ஒருவரிடம் சென்றதை 2017இல் வெளிப்படையாகக் கூறினார். திருத்தந்தைக்கு இல்லாத வெட்கம் நமக்கு எதற்கு?

இவ்வாறு சொல்வதால், திரையில் விற்கப்படும் அனைத்தையும் நாம் வாழ்த்துவதாக எவரும் கொள்ள வேண்டா. துயரம் இன்று விற்பனைப் பொருளாகிவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு, மாதச் சந்தாவுக்கு இவ்வளவு என்று கடை விரிக்கின்றனர். மருத்துவ உளவியலாளர்க்கு 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு உண்டு. ஆலோசகர் என்ற பெயர்ப்பலகையையோ, சில வாரப் பயிற்சி பெற்றவரும் மாட்டிக்கொள்ளக் காண்கிறோம். ஆகவே, கல்வித் தகுதி என்ன, பதிவு உண்டா, நாம் சொல்வது எங்கே சேமிக்கப்படுகிறது என்று கேட்பது பெற்றோரின் உரிமை. இணையத்தின்வழி அருளடையாளங்கள் இல்லை என்று 2002இல் திருப்பீடம் தெளிவுபடுத்தியதையும் மறவோம். ஆலோசகர் குருவின் இடத்தைப் பிடிக்க முடியாது. குருவும் மருத்துவரின் இடத்தைப் பிடிக்கத் தேவையில்லை.

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் மாண்டனர் என்றும், அவர்களுள் 13,044 பேர் மாணவர் என்றும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது. மாநில வரிசையில் மகாராட்டிரத்துக்கு அடுத்த இடம் நம் தமிழ்நாட்டுக்கு. இந்தக் கணக்கின் முன்னே “செபித்தால் போதும்” என்று சொல்லிவிட்டு வீடு திரும்ப நமக்கு மனம் வருமா?

செய்ய வேண்டியவை எளியவை. 2022 அக்டோபர் 10 அன்று நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்னும் எண்ணைப் பங்கு அறிவிப்புகளோடு வாசிக்கலாம். அச்சேவை கட்டணமற்றது; இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். குப்பத்துத் தாய்க்கும் அது எட்டும். ஆலய அறிவிப்புப் பலகையில் திருமண ஓலைகளின் அருகே அந்த எண்ணும் இருக்கட்டும். திருமணத் தயாரிப்பு வகுப்பில் பிள்ளை வளர்ப்பின் களைப்பையும் பேசட்டும். அன்பியப் பொறுப்பாளர்கள் செபமாலை சொல்லக் கற்றது போல், குறுக்கிடாமல் கேட்கவும், கேட்டதைக் காக்கவும் கற்கட்டும். ஒப்புரவு அருளடையாளத்தின் மறைவை உயிரினும் மேலாய்க் காத்துவரும் திருச்சபை நாம். அம்மறைவில் நூற்றில் ஒரு பங்கேனும் நம் திண்ணைப் பேச்சில் இருக்குமானால், கொட்டிவாக்கத்துத் தாய் நடு இரவு வரை காத்திருக்க வேண்டியிராது.

யோபுவின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் வாய் திறவாமல் அமர்ந்திருந்தனர். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்களாகவே இருந்தனர். அவருடைய துன்பத்துக்கு அவர் பாவத்தில் காரணம் தேடத் தொடங்கியபோதுதான் ஆண்டவரின் சினத்துக்கு ஆளாயினர்.