விளம்பரப் பக்கம் சொன்ன செய்தி

பத்திரிகைத் தொழிலின் வீழ்ச்சிக்கு இணையமே காரணம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது பாதி உண்மை. மறுபாதியை அறிய, 2006 தொடக்கம் 2009 வரையான அமெரிக்காவைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

வருமானச் சான்று கேளாமலே அங்கு வீட்டுக்கடன் வழங்கப்பட்ட காலம் அது. கொடுத்த கடனை வோல் ஸ்ட்ரீட்டில் விற்றுவிட முடிந்தமையால், அது திரும்பி வருமா என்ற கவலை கொடுத்தவருக்கு இருக்கவில்லை. கலிபோர்னியாவிலும் புளோரிடாவிலும் வீடு விற்பனை விளம்பரங்கள் பத்திரிகைகளுக்குப் பணத்தைக் கொட்டின. வேலைவாய்ப்பு விளம்பரங்களும் வாகன விளம்பரங்களும் இணையத்துக்குப் போய்க்கொண்டிருந்த வேளையில், அவற்றுக்கு எஞ்சியிருந்த ஊன்றுகோல் வீடுதான். 2006இல் வீட்டு விலை உச்சத்தைத் தொட்டுச் சரியத் தொடங்கிற்று. ஊன்றுகோலும் முறிந்தது.

இவ்விடத்தில் சாம் செல் என்ற சிக்காகோ செல்வந்தரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கட்டட வியாபாரத்தில் பெரும் பொருள் ஈட்டியவர் அவர். 2007 பெப்ரவரியில் தமது அலுவலகக் கட்டட நிறுவனத்தை, அதன் கடன்கள் உட்பட, ஏறத்தாழ 39 பில்லியன் டொலருக்கு விற்றார். சந்தை சரியுமுன் வெளியேறிய சமர்த்தர் என்று புகழ்ந்தார்கள். அந்தச் சமர்த்தர் அதே ஆண்டின் இறுதியில் வாங்கியது எதை? 'சிக்காகோ ரிபியூன்', 'லொஸ் ஏஞ்சலிஸ் ரைம்ஸ்' ஆகியவற்றை வெளியிட்டு வந்த ரிபியூன் நிறுவனத்தை! கட்டடங்களை விற்றுத் தப்பியவர், கட்டட விளம்பரத்தில் தொங்கிக்கொண்டிருந்த பத்திரிகைகளில் போய் விழுந்தார்.

ஏறத்தாழ 8.2 பில்லியன் டொலர் பெறுமதியான அந்தக் கொள்வனவில் அவர் இட்ட சொந்தப் பணம் 315 மில்லியன் மட்டுமே. மிகுதியில் பெரும்பங்கு கடன். பெயரளவில் உரிமையாளராக ஆக்கப்பட்டது ஊழியர் பங்குடைமைத் திட்டம். கடனை எடுக்கும் முடிவில் ஊழியருக்குப் பங்கில்லை, அதன் சுமையில் மட்டும் பங்குண்டு. ஓராண்டு கழியவில்லை. 2008 டிசம்பர் 8ஆம் திகதி, ஏறக்குறைய 13 பில்லியன் டொலர் கடனோடு நிறுவனம் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. நிருபரினதும் அச்சுக்கூடத் தொழிலாளியினதும் பெயரில் இருந்த பங்குகள் பெறுமதியற்றுப் போயின. 2009 பெப்ரவரி 27ஆம் திகதி, டென்வரின் 'ரொக்கி மவுண்டன் நியூஸ்' தனது 150ஆவது ஆண்டு நிறைவுக்கு இரண்டு மாதங்கள் இருக்கையில் இறுதி இதழை அச்சிட்டது.

வீட்டுச் சந்தையின் நோயை முதலில் கண்டிருக்க வேண்டியவர்கள் பத்திரிகைக்காரர்கள்தாம். நோயின் குறி அவர்களது விளம்பரப் பகுதியிலேயே இருந்தது. எச்சரித்து எழுதியவர்கள் அங்கு இல்லாமலில்லை. ஆயினும் வீடு விற்போரின் பணத்தில் வெளிவரும் ஏடு, வீடு வாங்காதே என்று முதற்பக்கத்தில் உரத்துச் சொல்லுமா? ஆசிரியபீடத்துக்கும் விளம்பரப் பிரிவுக்கும் இடையே சுவர் உண்டு என்பது எங்கள் தொழிலின் பெருமை. அந்தச் சுவர் சில வேளைகளில் எங்கள் கண்களையே மறைத்துவிடுகிறது என்பது என் கருத்து.

எங்கள் நாட்டிலும் இதைக் கண்டோம். 2022 மார்ச்சில் அச்சுத்தாள் கிடையாமையால் 'தி ஐலண்ட்', 'திவயின' ஆகியவற்றின் சனிக்கிழமை அச்சுப் பதிப்புகள் நிறுத்தப்பட்டன. டொலர் இல்லை, தாள் இல்லை. கொழும்பில் கட்டி முடியாத மாடிக் கட்டடங்கள் பாரந்தூக்கிகளோடு அப்படியே நின்றன. ஏப்ரல் 12ஆம் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை இடைநிறுத்தியது. அதன் பின்னர்தான் நாங்கள் பெரிய எழுத்தில் தலைப்பிட்டோம்.

அதற்கு முந்திய மாதங்களிலேயே எங்கள் ஞாயிறு இதழின் வரி விளம்பரங்களில் ஒரு வாசகம் அடிக்கடி வந்துகொண்டிருந்தது: "உரிமையாளர் வெளிநாடு செல்வதால் வீடு உடனடி விற்பனைக்கு." கீழே தொலைபேசி இலக்கமும் இருந்தது. நான் உட்பட ஆசிரியபீடத்தில் ஒருவர்கூட அந்த இலக்கத்துக்கு அழைத்து, ஏன் போகிறீர்கள் என்று கேட்கவில்லை.