அம்மாவின் அன்பைத் தாழ்த்தித்தான் ஆண்டவரின் அன்பை உயர்த்த வேணுமா?

போன மாதம் எங்கட விடுதிக்குப் பக்கத்தில் நடந்த ஒரு செபக்கூட்டத்துக்கு நாங்கள் ஆறு பேர் போயிருந்தோம். நாலு பேர் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகள். ஒருத்தி சைவம். மற்றவனுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது, கூட்டம் முடியத் தாற ரோல்ஸில்தான் நம்பிக்கை. பாட்டு நல்லாத்தான் இருந்தது. பிறகு பிரசங்கம் தொடங்கியது. தாய் மறப்பாள், தகப்பன் கைவிடுவான், காதலித்தவன் ஏமாத்துவான், சிநேகிதன் காட்டிக்கொடுப்பான். மனுச அன்பு எல்லாமே கொடுக்கல் வாங்கல், தேவ அன்பு மட்டும்தான் நிபந்தனை இல்லாதது என்று பிரசங்கியார் சொல்லச் சொல்ல, மண்டபம் முழுக்க ‘ஆமென்’ சொன்னது.

எங்களோடு வந்த ஒருத்தியின் பெரியம்மா, 2009 மே மாதம் வட்டுவாகலில் தன் மகனை இராணுவத்திடம் கையளித்தவர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டம் தொடங்கிய நாளிலிருந்து, படத்தை மடியில் வைச்சுக்கொண்டு அந்தக் கொட்டகையில் இருந்தவர். அவள் பாதியில் எழும்பி வெளியில் வந்திட்டாள். நாங்களும் வந்தோம். “பெரியம்மா எப்ப மறந்தவ?” எண்டு மட்டும்தான் கேட்டாள்.

நாங்கள் இதை எழுதுவது அந்தக் கேள்விக்காகத்தான். கடவுளின் அன்பு பெரிது என்பதோடு எங்களுக்குச் சண்டை இல்லை. அதைப் பெரிதாக்குவதற்கு மனுசரின் அன்பை மலிவாக்கிக் காட்டும் இந்தப் பழக்கத்தோடுதான் சண்டை. இது வேதத்துக்கும் பொருந்தாது, எங்கட வாழ்க்கைக்கும் பொருந்தாது என்பது எங்கட கட்சி.

முதலில் வேதத்தையே எடுப்போம். தாய் மறப்பாள் என்ற வசனம் எங்கே இருந்து வருகிறது? ஏசாயா 49ஆம் அதிகாரம். அங்கே தீர்க்கதரிசி முதலில் கேட்பது, ஒரு தாயால் தன் பாலகனை மறக்க முடியுமா என்றுதான். முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்த பதில் என்பதால்தான் அப்படிக் கேட்கிறார். அப்படி ஒருவேளை மறந்தாலும் கடவுள் மறக்கமாட்டார் என்பது அதற்குப் பிறகு வருவது. அதாவது, தனக்குத் தெரிந்த அன்புகளில் மிகப் பெரியதை எடுத்து, அதையும் தாண்டியது கடவுளின் அன்பு என்கிறார். எங்கட பிரசங்கிமார் முதல் பாதியை விட்டிட்டு இரண்டாம் பாதியை மட்டும் பிடித்துக்கொள்ளுகிறார்கள். அளவுகோலை முறிச்சுப்போட்டு உயரம் அளக்கிற வேலை இது.

ஏசாயா மட்டும் இல்லை. ஓசியாவில் கடவுள், துரோகம் செய்த மனைவியை விட்டுவிட முடியாத கணவனாக வருகிறார். அதே புத்தகத்தின் 11ஆம் அதிகாரத்தில் பிள்ளைக்கு நடை பழக்குகிற பெற்றோராக வருகிறார். லூக்கா 15இல், வீட்டை விட்டுப் போன மகன் தூரத்தில் வருவதைக் கண்டு ஓடிப்போகிற தகப்பன். எபிரேய மொழியில் இரக்கத்தைக் குறிக்கும் ‘ரஹமிம்’ என்ற சொல், கருப்பையைக் குறிக்கும் ‘ரெஹெம்’ என்ற சொல்லோடு ஒரே வேரைக் கொண்டது. மனுச அன்பை எடுத்துவிட்டால் வேதாகமத்துக்குக் கடவுளின் அன்பைச் சொல்ல வார்த்தையே இல்லை.

இதைச் சொன்னால் உடனே கிரேக்கம் வரும். ‘அகாப்பே’ தேவ அன்பு, ‘ஃபீலியா’ நட்பு, ‘ஈரோஸ்’ காமம் என்று. எங்கட ஊரில் ஈரோஸ் எண்டால் ஒரு இயக்கம் என்றுதான் எங்கட அப்பாமாருக்குத் தெரியும். அது இருக்கட்டும். இந்தப் பிரிப்புக்குப் பெரிய மரியாதை தேடித் தந்தவர், சுவீடனின் லூத்தரன் இறையியலாளர் அன்டர்ஸ் நீக்ரன். 1930இலும் 1936இலும் இரண்டு பகுதிகளாக வந்த அவருடைய நூல், அகாப்பேயையும் ஈரோஸையும் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு உலகங்களாக வைத்தது. கேட்க வடிவான வாய்ப்பாடுதான். ஆனால் வேதாகமத்தின் கிரேக்கம் அந்த வாய்ப்பாட்டுக்குள் அடங்காது. ‘ஈரோஸ்’ என்ற சொல் புதிய ஏற்பாட்டில் ஓரிடத்தில்கூட இல்லை. பழைய ஏற்பாட்டின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில், 2 சாமுவேல் 13இல், அம்னோன் தன் தங்கை தாமார்மீது கொண்ட இச்சைக்கு வருகிற சொல் அகாப்பேதான். அவளை அவன் பலாத்காரம் செய்த கதை அது. தேமா இந்த உலகத்தின்மேல் ஆசை வைத்துப் பவுலை விட்டுப் போனதற்கும் அதே வினைச்சொல்தான். யோவானில் பிதா குமாரனை நேசிப்பதைச் சொல்ல 3ஆம் அதிகாரத்தில் ஒரு சொல்லும் 5ஆம் அதிகாரத்தில் மற்றச் சொல்லும் வருகின்றன. சொல்லைக் காட்டி அன்பைத் தரம் பிரிக்க முடியாது. திருத்தந்தை 16ஆம் பெனடிக்ற் தன் முதல் சுற்றுமடலில், 2005இல், இந்த இரண்டையும் முழுசாகப் பிரிக்கவே முடியாது என்று வாதிட்டார். அவரை ஒருத்தரும் புரட்சிக்காரர் என்று சொல்லமாட்டார்கள்.

இனி இயேசு. லாசருவின் கல்லறையில் அழுதவர் அவர். கெத்செமனேயில் தன்னோடு முழிச்சிருக்கச் சொல்லிச் சிநேகிதரைக் கேட்டவர். சிலுவையில் தொங்கிக்கொண்டு, தாயைச் சீடனிடம் ஒப்படைத்தவர். மூச்சு விடவே கஷ்டமான நேரத்திலும், அம்மா யாரோடு இருப்பா என்ற கவலை அவருக்கு இருந்தது. மனுச அன்பு வெறும் கொடுக்கல் வாங்கல் என்றால், அந்த நேரத்தில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்?

சரி, எங்களுக்கு வரக்கூடிய மறுப்பையும் பார்ப்போம். மனுச அன்பில் நிபந்தனை இல்லையா? இருக்கு. நல்லாவே இருக்கு. சாதி மாறிக் காதலித்த மகளை வீட்டுக்குள் எடுக்காத தகப்பன்மாரை எங்களுக்குத் தெரியும். அன்பு என்ற பேரில் போனைப் பறித்துப் பார்க்கிற காதலன்மாரையும் தெரியும். ஆனால் கொஞ்சம் நில்லுங்கோ. அந்த நிபந்தனைகளைக் காவல் காப்பது யார்? பத்திரிகையின் மணமகள் தேவை விளம்பரங்களில் ஆர்.சி. என்ற சொல்லும் சாதியின் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறதே, அந்த வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறார்கள்? நிபந்தனையற்ற அன்பைப் பற்றி வாராவாரம் கேட்கிற சபைக்குள்தான் இந்த நிபந்தனைகள் சௌகரியமாக இருக்கின்றன. அடிக்கிற புருசனோடு பொறுத்துக்கொண்டு இரு, ஆண்டவர் உன்னை நேசிக்கிறார் என்று பெண்களுக்குப் புத்தி சொல்லுகிறபோது, அந்த நிபந்தனையற்ற அன்பு ஒரு பூட்டாகிவிடுகிறது.

ஆபத்து இங்கேதான். மனுச அன்பு எப்படியும் தோற்கும் என்று சொல்லிவிட்டால், அன்பு செய்யாமல் இருப்பதற்கு ஒரு சாட்டுக் கிடைத்துவிடும். ‘நாங்கள் மனுசர்தானே’ என்று சொல்லித் தப்பலாம். கொட்டகைப் பக்கம் போகத் தேவையில்லை, மேலே இருப்பவர் பார்த்துக்கொள்வார். யோவானின் முதல் நிருபம் 4ஆம் அதிகாரம் இந்தக் கதவை அடைத்துவிட்டது. கண்ணால் காண்கிற சகோதரனை நேசிக்காதவன், காணாத கடவுளை நேசிப்பதாகச் சொன்னால் அவன் பொய்யன் என்பது அதன் பொருள்.

வேறு விதமாக நடந்தவர்களும் எங்கட திருச்சபையில் இருந்தார்கள். மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் போய், 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். வன்னியில் இருந்தவர்களின் தொகையிலிருந்து வெளியில் வந்தவர்களின் தொகையைக் கழித்துக் கேட்டார். தொண்ணூற்றொன்பதை விட்டிட்டு ஒன்றைத் தேடிப் போன மேய்ப்பனைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருப்போம். அந்த மேய்ப்பன் முதலில் எண்ணியிருக்க வேணும் என்பதை எங்களுக்கு விளங்கப்படுத்தியது ஆண்டகையின் அந்தக் கணக்குத்தான். அதற்குள் தேவ அன்பு எவ்வளவு, மனுச அன்பு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல ஏலுமா?

எங்களுக்கு விளங்குகிற வித்தியாசம் ஒன்றே ஒன்று. மனுச அன்பு பெரும்பாலும் ‘எங்கட ஆக்கள்’ என்ற வேலியோடு நின்றுவிடும். இயேசு அந்த வேலியைத் தாண்டச் சொன்னார்: சமாரியன்வரை, பகைவன்வரை. அன்பு அதே அன்புதான், போகவேண்டிய தூரம்தான் கூட. அந்தக் கொட்டகையில் இதையும் பார்த்தோம் என்று எங்கட சிநேகிதி சொன்னாள். பிள்ளையைத் தேடித் தேடியே செத்துப்போன ஒரு தாயின் மகனுடைய படத்தை, அவளுடைய பெரியம்மா தன் மகனின் படத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தாவாம். இவவுக்கு அந்தப் பெடியனை முன்பின் தெரியாது.

பிரசங்கிமாருக்கு எங்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கு. அடுத்த முறை தாய் மறப்பாள் என்று சொல்வதற்கு முதல், அப்படி ஒரு கொட்டகையில் ஒரு பகல் போய் இருந்து பாருங்கோ. மைக் வேண்டாம். படங்களில் இருக்கிற பெயர்களை மட்டும் ஒவ்வொன்றாக வாசியுங்கோ. அதுக்குப் பிறகு வந்து கடவுளின் அன்பு இதைவிடப் பெரிது என்று சொன்னால், நாங்களும் முன்வாங்கில் இருந்து கேட்போம்.