தையலைப் பார்த்துத் திருப்பி அனுப்பாதீர்கள்

என் அக்கா மகனுக்குப் பதினாறு வயது. ஆடித் திருவாதிரைக்குப் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு குழுவினர் சோழர் படை ஊர்வலம் நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ் ஏறிப் போனான். மூங்கில் கழியில் தகர முனை செருகி அவனே ஈட்டி செய்திருந்தான். அரை மணி நேரத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சட்டை மெஷினில் தைத்தது, கழுத்தில் கிடப்பது பிளாஸ்டிக் மணி, சோழர் வரலாற்றை ஒழுங்காகப் படித்துவிட்டு வா என்றார்களாம். வீட்டுக்கு வந்து கேட்டான்: "மாமா, அவங்க போட்டிருந்ததும் ஜவுளிக்கடை வெல்வெட்டுதானே?"

பழங்கால வேடம் கட்ட வருகிறவன் வரலாற்றை முதலிலேயே பிழையறக் கற்றிருக்க வேண்டும், அவன் உடையும் ஆயுதமும் அக்காலத்தவைபோலவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது முன்னோருக்கு அவமரியாதை என்று நம்புகிறவர்கள் நம்மிடையே ஏராளம். பலர் நன்கு படித்தவர்கள், தமிழ்ப் பற்றும் உள்ளவர்கள். ஆனாலும் இந்த நம்பிக்கை தவறு. அதனால் கேடும் விளைகிறது.

எங்கள் சித்தூரையே எடுத்துக்கொள்வோம். பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் உள்ள இந்த ஊரின் பகவதி கோவிலில், சிவராத்திரிக்கு அடுத்து வரும் திங்கட்கிழமை கொங்கன் படை நடக்கிறது. கொங்கிலிருந்து படையெடுத்து வந்த மன்னனைப் பகவதியே களத்தில் நின்று வீழ்த்தினாள் என்பது கதை. அந்தப் போரை ஊர் ஆண்டுதோறும் நடித்துக் காட்டுகிறது. வந்த மன்னன் ராஜாதிராஜன் என்றும் ஆண்டு 918 என்றும் பரவலாகச் சொல்வார்கள்.

ஆனால் 918இல் சோழ நாட்டை ஆண்டவன் முதலாம் பராந்தகன். ராஜாதிராஜன் இறந்தது 1054இல், சித்தூருக்கு வெகு வடக்கே, கொப்பத்தில் சாளுக்கியரோடு நடந்த போரில். யானை மேலேயே உயிர் போனதால் 'யானைமேல் துஞ்சின தேவர்' என்று கல்வெட்டுகள் அவனைக் குறிக்கின்றன. நடுவே 136 ஆண்டுகள். இன்னொன்றும் உண்டு. பராந்தகன் காலத்தில் சேரரும் சோழரும் பகைவர் அல்லர், சம்பந்திகள். அவன் மகன் ராஜாதித்தனின் படைத்தலைவன் வெள்ளங்குமரன் கேரளத்துக்காரன். 949இல் தக்கோலப் போரில் இளவரசன் மடிந்தபோது உடன் சாகக் கொடுத்து வைக்கவில்லையே என்று நொந்து துறவு பூண்டு, திருவொற்றியூரில் சதுரானன பண்டிதர் ஆனான். பாலக்காட்டு எல்லையில் வாழும் எனக்கு, சித்தூர்க் கதையைவிட இது நெஞ்சில் தைக்கிறது. கொங்குச் சிற்றரசன் எவனாவது கணவாய் வழியே வந்து மோதியிருக்கலாம். அந்த நினைவு பெரிய பெயர் ஒன்றைப் பற்றிக்கொண்டிருக்கலாம்.

பெயரும் ஆண்டும் பொருந்தவில்லை என்பதற்காகக் கொங்கன் படையை நிறுத்த வேண்டுமா? வேண்டாம். அந்தக் கொட்டுச் சத்தத்தை மறுபடி மறுபடி கேட்டதால்தான் நான் பராந்தகனைத் தேடிப் போனேன். திருவிழா முதலில் வந்தது, புத்தகம் பிறகு வந்தது. பெரும்பாலோர்க்கு வரலாறு இந்த வரிசையில்தான் வருகிறது. ஊர்வலக்காரர்களோ வரிசையைத் தலைகீழாக்கி, கடைசியில் வர வேண்டியதை வாசலிலேயே கேட்கிறார்கள்.

அவர்கள் கையில் உள்ள அளவுகோல்தான் எங்கிருந்து வந்தது? சோழர் கோலம் என்று இன்று நம் மனக்கண்ணில் நிற்பதில் பாதிக்குமேல் 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடருக்கு மணியம் வரைந்த சித்திரங்கள். மணியம் பெரிய கலைஞர். ஆனால் அவர் வரைந்தது கதைக்கான படம். சோழர் காலத்து மூலச் சான்று வேண்டுமென்றால், தஞ்சைப் பெரிய கோவிலில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டெடுத்த ஓவியங்கள் இருக்கின்றன. சிற்பங்களும் செப்புத் திருமேனிகளும் இருக்கின்றன. அவற்றில் தெய்வங்களையும் அடியார்களையும் ஆடல் மகளிரையும் நன்றாகப் பார்க்கலாம். ஒரு சாதாரண வேல்காரன் எந்தச் சாயம் தோய்த்த துணி கட்டினான், காலில் என்ன போட்டான் என்று அடித்துச் சொல்ல அவை போதா. இவ்வளவு குறைந்த வெளிச்சத்தில் நின்றுகொண்டு ஒரு பையனின் சட்டைத் தையலைப் பரிசோதிப்பது எந்த வகையில் நியாயம்?

காசும் இதில் இருக்கிறது. கைத்தறி வேட்டி, பித்தளைக் காப்பு, தோல் கேடயம் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். துல்லியம் துல்லியம் என்று பேசி, கடைசியில் உள்ளே விடுவது வசதி உள்ளவனை. சோழர் படையில் நின்றவர்களில் பெரும்பாலோர் உழவர் வீட்டுப் பிள்ளைகளாகத்தான் இருந்திருப்பார்கள். அவர்களுடைய வேடத்தைக் கட்ட இன்று உழவர் வீட்டுப் பிள்ளைக்கு வழியில்லை.

வாசலை இப்படி அடைக்காமலும் நடத்தலாம். 1966இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில், வீட்டுக் கொல்லைப்புற விருந்து ஒன்றில் தொடங்கியது சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனக்ரோனிசம். ஐரோப்பிய இடைக்காலத்தை நடித்துப் பார்க்கும் அந்தச் சங்கம் இன்று பல நாடுகளில் பரவியிருக்கிறது. வருகிறவரிடம் அது கேட்பது 17ஆம் நூற்றாண்டுக்கு முந்திய உடைக்கான ஒரு முயற்சியை மட்டுமே. அந்த உடையும் இல்லாதவருக்கு இரவல் கொடுக்கப் பல கிளைகளில் துணிகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அங்கும் நூலிழை எண்ணுகிறவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் வாசலை அவர்கள் கையில் ஒப்படைக்கவில்லை.

துல்லியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை யாரிடம் கேட்பது என்பதுதான் கேள்வி. துண்டறிக்கை அச்சடிப்பவர், மைக் பிடித்து 'இப்படித்தான் நடந்தது' என்று முழங்குகிறவர், சுற்றுலாக் கையேட்டில் 918 என்று எழுதுகிறவர் ஆகியோரிடம் கறாராகக் கேளுங்கள். ஈட்டியோடு வந்து நிற்கும் பதினாறு வயதுப் பையனிடம் கேட்காதீர்கள்.

அடுத்த ஆடித் திருவாதிரைக்குள் ஒரு டிரங்குப் பெட்டியில் பத்து வேட்டி, பத்துத் துண்டு, கொஞ்சம் மர மணிமாலைகள் வாங்கி வையுங்கள். துணிச் செலவில் பாதியை நான் தருகிறேன். தஞ்சை ஓவியங்களின் நல்ல அச்சுப் படங்கள் நாலையும் பெட்டிக்குள் போடுங்கள். வருகிறவன் வேட்டியைக் கட்டிக்கொண்டு முதலில் நடக்கட்டும். நடந்து முடித்துத் தண்ணீர் குடிக்க உட்காரும்போது அந்தப் படங்களை அவன் முன்னால் விரித்துக் காட்டுங்கள்.