ஆங்கிலப் பெயர்த்தொடரும் தமிழ் வேற்றுமையும்

ஆங்கிலத்தில் பிழையின்றி எழுத இயலாமை நம் மாணவர்களின் தீராக் குறையாகப் பேசப்பட்டு வருகிறது. அக்குறைக்குத் தமிழே காரணம் என்பாரும் உளர். தமிழ்வழியில் படித்ததனால் ஆங்கிலம் வரவில்லை என்பது பெற்றோர் பலரின் முடிவு. சமுதாயப் பெரியோர் சிலரும் அவ்வாறே எண்ணுகின்றனர். இதனை நாம் ஏற்பதற்கில்லை. தமிழ் இலக்கணத்தைத் தேர்வுக்காகப் படித்துவிட்டு, அதனைப் பயன்கொள்ளாது விட்டமையே குறைக்குக் காரணம் என்பது நம் துணிபு. இதற்குச் சான்றாக ஆங்கில எழுத்துநடையின் ஒரு கூற்றை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வோம். முன்னிடைச்சொல் ஏற்று நீளும் பெயர்த்தொடரே அது.

பேச்சு ஆங்கிலம் பெரிதும் வினையால் நடப்பது. எழுத்து ஆங்கிலமோ பெயரால் நடப்பது. 'விலை ஏறிவிட்டது, மக்கள் சினந்தனர்' என்று வாயால் சொல்பவர், எழுதும்போது, 'தி ஆங்கர் ஆஃப் தி பீப்பிள் அட் தி ரைஸ் இன் பிரைசஸ்' என்று எழுதுகிறார். வினைகள் இரண்டும் பெயர்களாக உறைந்துவிட்டன. அப்பெயர்களைப் பிணைக்கும் ஆணிகளாக 'ஆஃப்', 'அட்', 'இன்' என்னும் மூன்று சிறு சொற்கள் நிற்கின்றன. பாடநூல், நாளிதழ், அரசாணை, தீர்ப்புரை யாவற்றிலும் இந்நடையே ஆட்சி செய்கிறது. டக்ளஸ் பைபரும் உடனாசிரியர்களும் 1999இல் வெளியிட்ட லாங்மன் இலக்கணம், பெயருக்குப் பின்வந்து அதனைச் சிறப்பிக்கும் தொடர்களுள் முன்னிடைச்சொற்றொடரே மிகுதி எனவும், அவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை 'ஆஃப்' கொண்டவை எனவும் எண்ணிக் காட்டுகிறது.

இந்த 'ஆஃப்' என்பதன் வரலாறு சுவையானது. பழைய ஆங்கிலத்தில் தமிழைப்போலவே பெயரின் ஈற்றில் வேற்றுமை உருபுகள் இருந்தன. அக்காலத்து 'ஆஃப்' நீங்கற்பொருளை மட்டுமே உணர்த்தியது. 'அகன்று' எனப் பொருள்படும் இன்னொரு 'ஆஃப்' அதன் உடன்பிறப்பே. இரண்டும் ஒரே சொல்லாயிருந்து பின்னாளில் எழுத்தால் பிரிந்தன. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் ஈற்றுருபுகள் பெரும்பாலும் தேய்ந்து மறைய, பிரெஞ்சு மொழியின் 'த' என்னும் முன்னிடைச்சொல்லின் செல்வாக்கால், 'ஆஃப்' உடைமைப் பொருளையும் தன்மேல் ஏற்றுக்கொண்டது. உருபிழந்த மொழி தேடிக்கொண்ட ஊன்றுகோல் அது. ஆகவே ஒரே சொல் பல வேலைகளைச் செய்கிறது. நம் மாணவன் தடுமாறுவதும் அவ்விடத்திலேதான்.

விடுப்பு விண்ணப்பம் ஒன்றில் மாணவன் 'ரீசன் ஆஃப் மை ஆப்சன்ஸ்' என்று எழுதுகிறான். 'ஃபார்' வரவேண்டிய இடம் அது. இப்பிழையைத் தமிழ் கற்பித்ததா? 'நான் வராமைக்குக் காரணம்' என்றன்றோ தமிழில் கூறுகிறோம்! அக் 'கு' உருபைச் செவியில் வாங்கியிருந்தால் 'ஃபார்' தானே வந்திருக்கும். வினாவிற்கு விடை என்பதில் உள்ள நான்காம் வேற்றுமை ஆங்கிலத்தில் 'டு' ஆகிறது. பிணிக்கு மருந்து என்பதில் அதுவே 'ஃபார்' ஆகிறது. கவிதையில் ஆர்வம், விலையில் ஏற்றம், இறைவனிடத்து நம்பிக்கை ஆகிய ஏழாம் வேற்றுமைத் தொடர்கள் யாவும் ஆங்கிலத்தில் 'இன்' பெறுகின்றன. தமிழ் கைவிளக்காக நிற்க, மாணவன் அதனை ஊதி அணைத்துவிட்டு இருளில் 'ஆஃப்' என்று துழாவுகிறான்.

எல்லா இடத்தும் இவ்விளக்கு ஒளி தரும் என்று நாம் கூறவில்லை. 'அவளுடன் திருமணம்' என்பதை அப்படியே பெயர்த்து 'வித்' என எழுதுவோர் பலர். ஆங்கில வழக்கு அவ்விடத்தில் 'டு' என்பதையே பெரிதும் வேண்டும். இத்தகைய வேறுபாடுகளைத் தனியே மனத்திற் பதித்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் அவை கற்றுத் தீரக்கூடிய அளவினவே.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் ஒன்பது இயல்களுள் வேற்றுமையியல், வேற்றுமைமயங்கியல், விளிமரபு என மூன்று இயல்கள் வேற்றுமைக்கே உரியன. ஓர் உருபு பல பொருள் தருவதும், ஒரு பொருளுக்குப் பல உருபுகள் வருவதும் அங்கே ஆராயப்பட்டுள்ளன. அச்சப்பொருள் தரும் சொல்லுக்கு ஐந்தாம் வேற்றுமையும் இரண்டாம் வேற்றுமையும் ஒப்ப உரியன என்பது ஆசிரியர் கூறும் விதிகளுள் ஒன்று. இதனை நாம் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலவழி இஸ்லாமிய நூல்களைத் தமிழாக்க முற்படும் இளைஞர் சிலர், 'ஃபியர் ஆஃப் காட்' என்பதை 'இறைவனின் அச்சம்' என்று எழுதிவிடுகின்றனர். அஞ்சுபவன் யார், அஞ்சப்படுவோன் யார் என்பதே தலைகீழாகி விடுகிறது. இறைவனோ எதற்கும் அஞ்சாதவன்! நம் முன்னோர் 'இறையச்சம்' என்று தொகையாக்கி வழங்கினர். விரித்தால் 'இறைவனை அஞ்சும் அச்சம்' என இரண்டாம் வேற்றுமை வெளிப்படும். 'இறைத்தூதர்' என்பதை விரித்தால் 'இறைவனால் அனுப்பப்பட்ட தூதர்' என மூன்றாம் வேற்றுமை நிற்கும். ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே 'ஆஃப்' தான்.

அரபு மொழியில் இவ்விடத்து முன்னிடைச்சொல்லே இல்லை. 'ரசூலுல்லாஹ்', 'பைத்துல்லாஹ்' என இரு பெயர்கள் அடுத்தடுத்து நிற்கும். மதரசாவில் ஓதிய பெரியோர் இவற்றை முளாஃப் என்றும் முளாஃப் இலைஹி என்றும் பிரித்துக் காட்டுவர். இத்தொடர்களுள் 'லாம்', 'மின்', 'ஃபீ' என்னும் மூன்றனுள் ஒன்று மறைந்து நிற்பதாக அரபு இலக்கணிகள் கொள்வர். வெள்ளி மோதிரம் என்பதற்குரிய அரபுத் தொடரில் மறைந்திருப்பது 'மின்'. நம் இலக்கணத்தில் வெள்ளி மோதிரம் 'வெள்ளியால் ஆகிய மோதிரம்' என விரியும். உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்பர். தொலைவில் வளர்ந்த இரு மொழிகளின் இலக்கணிகள், மறைந்ததை விரித்துப் பார்க்கும் ஒரே முறையைக் கண்டிருப்பது நமக்குப் பெருமகிழ்வு தருகிறது. ஒரே கூரையின்கீழ் தமிழும் அரபும் ஆங்கிலமும் கற்பிக்கும் நம்போன்ற கல்லூரிகளில் இம்மூன்றையும் ஒரு பலகையில் எழுதிக் காட்டும் வழக்கம் இன்னும் வரவில்லை என்பதுதான் வருத்தம்.

மற்றொன்றும் கூறவேண்டும். இருபதாம் நூற்றாண்டு முழுவதும் ஆங்கில எழுத்துநடை 'ஆஃப்' தொடரைச் சிறிது சிறிதாகக் குறைத்து, பெயரோடு பெயரை ஒட்டும் முறையைப் பெருக்கி வந்துள்ளது என்பது அம்மொழி ஆய்வாளர் கண்ட முடிவு. 'பிரிவென்ஷன் ஆஃப் கிரைம்' என்பது 'கிரைம் பிரிவென்ஷன்' ஆகிறது. அஃதாவது ஆங்கிலம் தொகையை நோக்கி நடக்கிறது. தமிழோ எதிர்த்திசையில் ஓடுகிறது. 'மீதான', 'உடனான', 'தொடர்பான', 'குறித்தான' என்னும் ஒட்டுகள் இல்லாமல் ஒரு செய்தியும் எழுதப்படுவதில்லை. 'பட்ஜெட் மீதான விவாதம்' என்பது நிலைபெற்றுவிட்டது, போகட்டும். 'நண்பருடனான சந்திப்பு' எதற்கு? 'நண்பரைச் சந்தித்தது' என்றால் குறைவதொன்றுமில்லை.

இது வெறும் நடையழகு பற்றிய வழக்கன்று. 2005ஆம் ஆண்டின் சட்டமொன்று ஆங்கிலத்தில் 'ரைட் டு இன்ஃபர்மேஷன்' எனப்படுகிறது. தமிழில் 'தகவல் அறியும் உரிமை' என்றனர். 'டு' என்பதற்கு உருபு தேடாமல், மறைந்திருந்த வினையை வெளிக்கொணர்ந்து 'அறியும்' எனப் பெயரெச்சமாக்கியவர் யாராயினும் அவர் தமிழறிந்தவர். 2009ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்திற்கு அப்பேறு வாய்க்கவில்லை. ஆங்கிலத் தலைப்பில் உரிமை குழந்தைகளுடையது. 'ஆஃப்' அதனை உரிமையோடு பிணைக்கிறது. தமிழில் பலரும் 'குழந்தைகளுக்கான இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம்' என்று எழுதுகின்றனர். இங்கே 'குழந்தைகளுக்கான' என்பது கல்வியைத் தழுவுவதா, உரிமையைத் தழுவுவதா, சட்டத்தையே தழுவுவதா? உரிமைக்கு உடையவனாக நிற்கவேண்டிய குழந்தை, யாரோ வழங்குவதைக் கைநீட்டிப் பெறுபவனாகிவிடுகிறது. ஓர் உருபு செய்த வேலை இது!

தேர்வுத்தாளில் 'பிரித்து இலக்கணக்குறிப்புத் தருக' என்னும் வினாவிற்கு நம் மாணவர் முழு மதிப்பெண் பெறுகின்றனர். பொற்குடம் என்றால் பொன்னாலாகிய குடம் என்று உறக்கத்திலும் சொல்வர். அதே மாணவர் முன் 'வாட்டர் டேங்க்', 'லவ் ஆஃப் தி மதர்' என்பவற்றை வைத்து விரித்துரைக்கச் சொன்னால் திகைக்கின்றனர். பின்னது தாய் காட்டும் அன்பா, தாயிடம் காட்டும் அன்பா என்ற வினாவே அவர்க்கு எழுவதில்லை. முதலாண்டு மாணவர்க்கு வாரம் ஒரு மணிநேரம், தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் சேர்ந்து நின்று, அன்றைய ஆங்கில நாளிதழின் தலையங்கத்திலிருந்து பத்துப் பெயர்த்தொடர்களை எடுத்துத் தமிழில் விரிக்கச் செய்யலாம். பின்னர் அவ்விரிவிலிருந்து மீண்டும் ஆங்கிலத்தில் எழுதச் செய்யலாம். இதற்குப் பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் வேண்டா. பாடத்திட்டம் மாறவும் வேண்டா. துறைத்தலைவர்கள் இருவர் கால அட்டவணையில் ஒரு மணிநேரத்தை ஒதுக்கித் தந்தால், வரும் பருவத்திலேயே தொடங்கிவிடலாம். அரபுத்துறைப் பேராசிரியர்களும் வந்து அமர்வார்களாயின் பின்வரிசையில் மாணவராக இருக்க நாம் ஆயத்தம்.