அலரும் ஐந்து நட்சத்திரமும்

'பெயர் கெட்டுவிடும்' என்ற எச்சரிக்கையைக் கேட்காமல் வளர்ந்த பெண் நம்மிடையே அரிது. சத்தமாகச் சிரித்தால் பெயர் கெடும். இருட்டிய பின் வீடு திரும்பினால் பெயர் கெடும். உறவுக்காரன் தொட்டதை வெளியில் சொன்னால் பெயர் கெடும். தொட்டவனால் கெடாத பெயர் சொன்னவளால் கெடுகிறது. குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் போட்டுவந்த இந்த விந்தையான கணக்கைத்தான் இன்று நிறுவனங்கள் மென்பொருளாக்கி, மாதச் சந்தா கட்டிப் பயன்படுத்துகின்றன. இணைய நற்பெயர் மேலாண்மை என்று அதற்குப் பெயர். தொழிலில் இருப்பவர்கள் சுருக்கமாக ஓ.ஆர்.எம். என்பார்கள்.

அது எப்படி நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். நிறுவனத்தின் பெயர், அந்தப் பெயரை மக்கள் பிழையாக எழுதும் விதங்கள், முதலாளியின் பெயர், கிளை இருக்கும் ஊர் எனக் குறிச்சொற்களை மென்பொருளில் ஏற்றிவைக்கிறார்கள். கூகுள் மதிப்புரையிலோ, இன்ஸ்டாகிராமிலோ, ஊழியர்கள் தாங்கள் வேலை பார்க்கும் இடத்தை மதிப்பிடும் கிளாஸ்டோரிலோ அந்தச் சொல் தென்பட்டால் உடனே எச்சரிக்கை வரும். வந்த பேச்சை பாசிட்டிவ், நெகட்டிவ், நியூட்ரல் என்று இயந்திரம் தரம் பிரிக்கும். நெகட்டிவில் விழுந்ததற்குச் சுடச்சுடப் பதில் போகும்: வருந்துகிறோம், உங்கள் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். ஊரறிய எழுந்த குரலைத் தனியறைக்கு அழைத்துப் போவதே இந்தப் பணிவின் நோக்கம். அதற்கும் அடங்காவிட்டால், விதிமீறல் என்று புகாரளித்து மதிப்புரையை நீக்கப் பார்ப்பார்கள். நீக்க முடியாவிட்டால் பாராட்டுகளையும் விளம்பரச் செய்திகளையும் குவித்து, தேடலில் அதை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளுவார்கள். இரண்டாம் பக்கத்தை யார் திறந்து பார்க்கிறார்கள்?

சங்க அகப்பாடல்களைப் படித்தவர்களுக்கு இது பழகிய கதை. ஊர் தனக்குள் முணுமுணுப்பது அம்பல். வாய்விட்டுப் பேசுவது அலர். முன்னது மொட்டு, பின்னது மலர். அலர் எழுந்தால் தாய் மகளை வீட்டுக்குள் அடைப்பாள். இற்செறிப்பு என்று அதற்கு ஒரு பெயரும் உண்டு. தலைவனை அடைத்துவைத்த பாட்டு எதையும் நான் படித்ததில்லை. நற்பெயர் மேலாண்மையின் இலக்கணமும் இதுவேதான். அம்பலாக இருக்கும்போதே பிடி, அலராக விடாதே, பேசியவளை உள்ளே வை.

வாடிக்கையாளரின் குறையைத் தெரிந்துகொள்வது தவறா என்று கேட்கலாம். தவறே இல்லை. சாம்பார் ஊசிப்போயிருந்தது என்று ஒருவர் எழுதினால், சமையற்கட்டுக்குள் போய்ப் பார்க்கும் உணவகமும் உண்டு. எழுதியவர் யார், போட்டிக்கடை ஆளா என்று துருவும் உணவகமும் உண்டு. இரண்டும் கண்காணிப்புதான். புகார் வந்ததும் நிறுவனத்தின் கண் தவற்றின் பக்கம் திரும்புகிறதா, பேசியவர் பக்கம் திரும்புகிறதா என்பதே நம் கேள்வி. பேசுவது பெண்ணாகவும், பேசப்படுவது பாலியல் அத்துமீறலாகவும் இருந்துவிட்டால் அந்தக் கண் எங்கே திரும்பும் என்பதற்கு ஊபர் ஒரு சான்று.

2014 டிசம்பரில், டெல்லியில் ஊபர் காரில் சென்ற பெண்ணை அதன் ஓட்டுநர் பாலியல் வல்லுறவு செய்தார். 2015-இல் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் 2017-இல் இன்னொரு செய்தி வெளிவந்தது. ஊபரின் ஆசியப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த உயரதிகாரி அந்தப் பெண்ணின் மருத்துவ ஆவணங்களைப் பெற்றிருந்தார். சக அதிகாரிகளிடம் காட்டியும் இருந்தார். இது போட்டி நிறுவனத்தின் சதியாக இருக்குமோ என்று மேலிடத்தில் பேசிக்கொண்டதாகவும் செய்திகள் கூறின. நிறுவனத்தின் பெயருக்கு ஆபத்து வந்தவுடன் ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிய மருத்துவரின் குறிப்பு அலுவலகக் கோப்பாகிவிட்டது. கண்காணிப்பு என்பது கடைசியில் போய்ச் சேரும் இடம் இது.

அதே 2017 பிப்ரவரியில், ஊபரில் பொறியாளராக இருந்து விலகிய சூசன் ஃபௌலர் தன் அனுபவத்தை வெளிப்படையாக எழுதினார். தனக்குப் பாலியல் அழைப்பு விடுத்த மேலாளரைப் பற்றி மனிதவளத் துறையிடம் புகார் செய்தபோது, அவர் திறமையானவர், இது அவருடைய முதல் தவறு என்று பதில் வந்ததாம். அதே மேலாளர்மீது மற்றப் பெண்களும் முன்பே புகார் செய்திருந்தது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தக் கட்டுரைக்குப் பின் விசாரணைகள் தொடங்கின. ஜூனில் 20-க்கும் மேற்பட்டோர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். தலைமைச் செயல் அலுவலர் டிராவிஸ் கலானிக்கும் அந்த மாதமே பதவி விலக நேர்ந்தது. முறைப்படி உள்ளே கொடுத்த புகார்களால் ஆகாத காரியம் ஊரறிய எழுதிய ஒரு கட்டுரையால் ஆனது. பொதுவில் பேசாதே, உள்ளே வந்து சொல் என்று நம்மிடம் ஏன் இவ்வளவு பணிவாகக் கேட்கிறார்கள் என்பது இப்போது புரிகிறதா?

மென்பொருள் தோற்கும் இடத்தில் வக்கீல் நோட்டீஸ் வரும். நம் நாட்டில் அவதூறு இன்னும் குற்றவியல் வழக்குதான். பழைய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகள் பாரதிய நியாய சன்ஹிதாவில் 356 ஆகியிருக்கின்றன. இரண்டு ஆண்டு வரை சிறை. தனிமனிதர் மட்டுமல்லாமல் ஒரு கம்பெனியும் அவதூறுக்கு ஆளாகலாம் என்று அதன் விளக்கம் சொல்கிறது. நிறுவனத்துக்கு மானம் உண்டு என்று சட்டம் ஏற்றுக்கொண்டுவிட்டது. பத்திரிகையாளர் பிரியா ரமணிமீது எம்.ஜே. அக்பர் 2018-இல் தொடுத்த வழக்கில், 2021 பிப்ரவரி 17 அன்று டெல்லி நீதிமன்றம் ரமணியை விடுவித்தது. பெண்ணின் உயிரையும் கண்ணியத்தையும் விலையாகக் கொடுத்து ஒருவரின் நற்பெயரைக் காக்க முடியாது என்பதும், ஆண்டுகள் கழிந்த பின்னும் தனக்கு விருப்பமான தளத்தில் ஒரு பெண் தன் குறையைச் சொல்லலாம் என்பதும் அந்தத் தீர்ப்பின் சாரம். அக்பர் மேல்முறையீடு செய்திருக்கிறார். கீழ்நீதிமன்றத்தின் இந்த ஒரு தீர்ப்புக்கே ரமணி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. மாதச் சம்பளத்தில் வாழும் பெண்ணுக்கு அந்தப் படியேற்றமே தண்டனை.

நிறுவனத்தின் பெயரைக் காக்க இத்தனை காவல் இருக்க, அதில் வேலை பார்க்கும் பெண்ணின் பெயரை யார் காக்கிறார்கள்? அவளுக்கும் நட்சத்திரங்கள் உண்டு. அர்பன் கம்பெனி வழியாக வீடுகளுக்குப் போய் அழகுக்கலை வேலை செய்யும் பெண்கள் 2021 அக்டோபரில் குருகிராமில் அதன் அலுவலகம் முன்பு திரண்டார்கள். கமிஷன் பிடித்தம், பாதுகாப்பு, மதிப்பெண் முறை ஆகியவை அவர்கள் எழுப்பிய பிரச்சினைகள். டிசம்பரில் மீண்டும் போராடியபோது நிறுவனம் அவர்களுக்கு எதிராக நீதிமன்றத்துக்குப் போனது. 2023-இல் கணக்குகள் முடக்கப்பட்டதை எதிர்த்துப் பல நகரங்களில் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். மதிப்பெண் குறைந்தால் வேலை போகும் என்ற பயத்தோடு, முன்பின் தெரியாத வீட்டுக்குள் ஒரு பெண் தனியாக நுழைகிறாள். அங்கே ஒரு ஆண் முறைதவறி நடந்தால் அவள் தட்டிக்கேட்பாளா, சிரித்துச் சமாளிப்பாளா? அவனிடம் இருப்பது நட்சத்திரம். அவளிடம் இருப்பது வாடகைக் கணக்கு.

நம் ஊர் ஜவுளிக்கடைகளுக்கு வருவோம். பில் போடும் இடத்தில் கியூ.ஆர். அட்டையை நீட்டி, அக்கா, என் பேரைப் போட்டு அஞ்சு ஸ்டார் குடுங்கக்கா என்று கெஞ்சும் பெண்களை நாம் பார்த்திருக்கிறோம். சிரித்த முகத்துடன் பேசினார்கள் என்று நாமும் எழுதிவிட்டு வருகிறோம். காலையிலிருந்து அவள் நின்றுகொண்டே இருந்தாள் என்று எழுதினோமா? எத்தனை ஆயிரம் மதிப்புரைகள் எழுதப்பட்டாலும் ஒரு முக்காலிகூட வரவில்லை. கேரளத்தில் 'பெண்கூட்டு' போன்ற அமைப்பில் கூடிய கடைப் பெண்கள் போராடினார்கள். 2018-இல் அங்கே உட்காரும் உரிமை சட்டமானது. தமிழ்நாட்டில் 2021-இல் சட்டம் வந்தது. கண்காணிப்பு இயந்திரத்துக்கு வாடிக்கையாளரின் காது மட்டும்தான் உண்டு. கால் வலி அதற்குக் கேட்காது.

என்னிடம் தமிழ் படித்த பெண்கள் சிலர் இன்று இந்த வேலையில்தான் இருக்கிறார்கள். பிழையில்லாமல், கனிவாக எழுதத் தெரியும் என்பதால் கிடைத்த வேலை. இரவில் கைபேசி அதிர்ந்தால் எழுந்து, யாரோ செய்த தவற்றுக்கு வருத்தம் தெரிவிக்கிறார்கள். வீட்டில் அண்ணனுக்காக அம்மா கேட்ட மன்னிப்பை இவர்கள் நிறுவனத்துக்காகக் கேட்கிறார்கள். அந்த வேலையை விடுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அவர்கள் கட்டும் கல்விக்கடன் எனக்குத் தெரியும். ஆனால் ஒரு மதிப்புரையை நீக்கச் சொல்லி உத்தரவு வரும்போது, இதில் சொல்லியிருப்பது நடந்ததா என்று ஒருமுறை திருப்பிக் கேளுங்கள் என்று சொல்வேன். அதை வாயால் கேட்காமல் மின்னஞ்சலில் கேளுங்கள், சாட்சி இருக்கும்.

நிறுவனங்களிடம் நாம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், எத்தனை புகார்கள் வந்தன, எத்தனை முடிக்கப்பட்டன என்று ஆண்டறிக்கையில் சொல்லச் சொல்கிறது. அந்த எண்ணை நட்சத்திரங்களுக்குப் பக்கத்திலேயே போடுங்கள். பூஜ்யம் என்று போட்டிருந்தால் நாங்கள் பாராட்டப் போவதில்லை. நூற்றுக்கணக்கான பெண்கள் வேலை செய்யும் இடத்தில் பூஜ்யம் என்றால் யாரும் வாய் திறக்க முடியவில்லை என்றும் பொருள் இருக்கலாம். வாடிக்கையாளர் ஊழியருக்குப் போடும் மதிப்பெண்ணுக்கு ஊழியர் பதில் சொல்ல இடம் கொடுங்கள். வாடிக்கையாளரின் நடத்தையையும் அவர் பதிவு செய்யட்டும். விசாரிக்காமல் கணக்கை முடக்காதீர்கள்.

அலருக்கு இன்னொரு வேலையும் உண்டு என்பதை நம் மரபு அறிந்திருந்தது. களவிலேயே காலம் கடத்தும் தலைவனிடம் தோழி, ஊரில் அலர் எழுந்துவிட்டது, இனியும் தாமதிக்காதே என்பாள். பொறுப்பைத் தட்டிக்கழிப்பவனைப் பொறுப்பேற்க வைக்க, அதிகாரம் இல்லாதவர்கள் கையில் இருந்த ஒரே ஆயுதம் ஊர்ப்பேச்சு. நிறுவனங்கள் சந்தா கட்டிக் கண்காணிப்பதும் இந்த ஆயுதத்தைத்தான். நாம் அதைக் கீழே வைக்க வேண்டியதில்லை. அடுத்தமுறை ஒரு பெண் நடந்ததை எழுதும்போது, இவள் யார், ஏன் இப்போது எழுதுகிறாள் என்று நிறுவனத்தின் கேள்வியை நாம் கேட்காதிருப்போம். தோழி கேட்ட கேள்வியைக் கேட்போம்: நீங்கள் எப்போது பொறுப்பேற்கப் போகிறீர்கள்?