‘எட்மொன்’ திரைப்படமும் மறைக்கப்பட்ட கவிஞரும்

அலெக்சி மிஷாலிக் 2016 இல் மேடையேற்றிய ‘எட்மொன்’ என்னும் நாடகம் பாரிஸில் பெருவெற்றி பெற்றது. 2019 இல் அவரே அதனைத் திரைப்படமாக்கி வெளியிட்டார். 1897 டிசெம்பர் 28 ஆம் திகதி அரங்கேறிய ‘சிறானோ த பெர்ஜறாக்’ நாடகத்தை எட்மொன் றொஸ்தான் எழுதிய கதையை நகைச்சுவையாகக் கூறுவது இப்படம். சிரிப்புக்குக் குறைவில்லை, நடிகர் கொக்லனாக வரும் ஒலிவியே குர்மே மனதில் நிற்கிறார். எனினும் படத்தைப் போற்றுவோர் ஒரு வினாவுக்கு விடை கூறுதல் வேண்டும்: இதன் பொய்களால் இழந்தவர் யார்?

படத்தின்படி றொஸ்தான் ஈராண்டுகள் எதுவும் எழுதாதவர், கையிற் பணமற்றவர், சில வாரங்களில் நாடகத்தை எழுதி முடிக்கிறார். உண்மையில் அவ்வாண்டு ஏப்பிரலிலேயே அவரது ‘லா சமாரித்தேன்’ சாரா பேர்ணாரின் நடிப்பில் மேடையேறியிருந்தது. கணவன், மனைவி இருவருமே வசதி படைத்த குடும்பத்தினர். இவற்றையெல்லாம் நகைச்சுவைக்குரிய சலுகையென விட்டுவிடலாம். விட முடியாதது மனைவி றோஸ்மொன்ட் ஜெராருக்கு நேர்ந்த கதி.

றொஸ்தானை மணப்பதற்கு முன்னரே, 1889 இல், ‘லே பிப்போ’ என்னும் கவிதைத் தொகுதியை வெளியிட்டவர் அவர். படத்திலோ பிள்ளைகளையும் வீட்டுச் செலவையும் எண்ணிக் கவலையுற்று, கணவனை ஐயுறும் இல்லாள். கவிஞனுக்குக் கவிதை ஊற்றெடுப்பது, நடிகையரின் உடைகளைக் கவனிக்கும் ஜான் என்னும் கற்பனைப் பெண்ணிடமிருந்து! அரங்கேற்றத்தின் நடுவே நடிகை மரியா லெகோ விபத்துற, நாடகத்தை மனனம் செய்திருந்த ஜானே றொக்ஸானாக மேடையேறுகிறாள். ஒத்திகையின்போது லெகோ நோயுற்றதனால் அப்பாத்திரத்தை ஏற்று நின்றவர் றோஸ்மொன்ட் என்றே றொஸ்தானின் வரலாறு கூறும். வாழ்ந்த ஒருத்தி செய்த காரியம் அவளிடமிருந்து பறிக்கப்பட்டு, இல்லாத ஒருத்திக்கு வழங்கப்பட்டிருக்கிறது.

வரலாற்றுச் சிறானோவை றொஸ்தானும் திரித்தாரல்லரோ எனச் சிலர் வாதிடக்கூடும். திரித்தார், மறுப்பாரிலர். ஆனால் 1655 இல் இறந்து, பெரிதும் மறக்கப்பட்டிருந்த ஓர் எழுத்தாளனை அத்திரிப்பு உலகறியச் செய்தது. மிஷாலிக்கின் திரிப்போ பாதி மறக்கப்பட்ட ஒருவரை முற்றாக மறக்கச் செய்கிறது. அதுவும் எந்த நாடகத்தை வைத்து? உப்பரிகையின் கீழ் இருளில் நின்று ஒருவன் சொற்களை வழங்க, முத்தத்தை மற்றொருவன் பெறும் நாடகத்தை வைத்து. அக்காட்சியைத் தம் கதைக்குள்ளும் ஒருமுறை நிகழ்த்திக் காட்டிய இயக்குநர், இருளில் தாம் யாரை நிறுத்தியிருக்கிறார் என்பதை உணர்ந்ததாகத் தெரியவில்லை.